வீட்டு ரிசீவருக்கு ரேடியோ அன்டெனா பூட்டுவது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல ஸ்பீக்கர், நல்ல ரிசீவர் (ரேடியோவும் அம்ப்பும் ஒன்றாக இருக்கிற செட்) எல்லாம் வாங்கி வைத்துவிட்டு அதில் ரேடியோ மட்டும் கேட்காமல் இருக்கிற வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. ஏன் என்று கேட்டால் 'இங்கே சிக்னல் இல்லை' என்பார்கள். சிக்னல் இருக்கிறது. செட்டுக்குப் பின்னால் அன்டெனா இல்லை, அல்லது பெட்டியோடு வந்த வயர் கட்டுக்கூட அவிழ்க்காமல் டிவி மேசைக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடக்கிறது. காலையில் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல், பழைய பாட்டு என்று ரேடியோவோடு வளர்ந்த ஊர் இது. ஃபோனில் கேட்பதை விட ஒரு நல்ல அம்ப்பில் கேட்கிற சுகம் வேறு. வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை பலரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். புது செட்டுக்கோ பூஸ்டருக்கோ காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்.

செட்டுக்குப் பின்னால் எப்எம், ஏஎம் என்று இரண்டு இடம் இருக்கிறது. எதில் எதைப் பூட்டுவது?

எப்எம் என்பது ஒற்றை வட்டச் சொக்கட். சில செட்டில் டிஷ் வயர் திருகிப் பூட்டுகிற மாதிரி மரை இருக்கும், சிலதில் பழைய டிவி ஏரியல் மாதிரி தள்ளிச் செருகுவது. பக்கத்தில் 75 ஓம் என்று போட்டிருக்கும். பழைய செட்டுகளில் 300 ஓம் என்று இரண்டு ஸ்குரூவும் இருக்கலாம், தட்டையான இரட்டை வயர் அதில்தான் போக வேண்டும். ஏஎம் என்பது அழுத்தினால் வாய் திறக்கிற இரண்டு துளை, ஏஎம் அன்டெனாவான பிளாஸ்டிக் வளையத்தின் இரண்டு முனையும் அங்கே. வயரின் நுனியில் உறை சீவப்பட்டு செம்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள், உறையோடு செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறவர்கள் நிறையப் பேர்.

ஏஎம் பக்கத்தில் ஏர்த் அடையாளம் போட்ட துளை ஒன்றும் இருக்கும். அது இரைச்சலைக் குறைப்பதற்கு மட்டும்தான், ஷொக் அடிக்காமல் காப்பாற்றுகிற ஏர்த் அது இல்லை.

பெட்டியோடு வந்த டீ எழுத்து வடிவ வயரே போதாதா?

ஒலிபரப்புக் கோபுரம் கிட்ட இருந்தால், அல்லது வீடு கொஞ்சம் உயரமாக, மேற்குப் பக்கம் திறந்து இருந்தால் போதும். ஆனால் அதைச் சரியாக விரிக்க வேண்டும். அந்த வயரின் மேல் கை இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் நீளம் இருக்கும். எப்எம் அலைவரிசை 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை, நடுவில் 100 மெகாஹேர்ட்ஸின் அலைநீளம் 3 மீற்றர், அதில் பாதி ஒன்றரை. ஆகவே அந்த நீளம் முழுவதும் நேராக இழுபட்டு நிற்க வேண்டும். பாதியை மடித்து அலுமாரிக்குப் பின்னால் தொங்கவிட்டால் அது அன்டெனா இல்லை, வெறும் வயர்.

செய்து பார்ப்பது இப்படி: மங்கலாக வருகிற ஒரு நிலையத்தைப் பிடித்து வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரை செட்டுக்கு முன்னால் இருக்க விட்டு, நீங்கள் வயரின் இரண்டு கையையும் பிடித்துச் சுவரில் மேலே கீழே, இடம் வலம் என்று நகர்த்துங்கள். ஜன்னல் சட்டத்தின் உயரத்தில் கரகரத்துக்கொண்டிருந்த குரல், கையை இன்னும் ஒரு முழம் மேலே தூக்கியதும் 'ச', 'ஷ' எல்லாம் சுத்தமாகப் பிரிந்து வரும். பிறகு ஒரு சாண் தள்ளினால் மறுபடி போய்விடும். அறைக்குள் அலை சுவரிலும் தகரத்திலும் பட்டுத் தெறித்து ஓரிடத்தில் கூடுவதும் ஓரிடத்தில் குறைவதும் இப்படித்தான். நல்ல இடம் கிடைத்ததும் டேப்பால் ஒட்டுங்கள், செம்புக்குக் குறுக்கே ஆணி அடிக்க வேண்டாம்.

எந்தத் திசையில் வைப்பது?

மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு இதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

நாடு முழுக்கக் கேட்கிற நிலையங்கள் பல மலையகத்தின் உயரமான சிகரங்களில் இருந்து ஒலிபரப்பாகின்றன. எப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், பூமியின் வளைவு மறைத்தால் முடிந்தது. அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: அன்டெனா நிற்கிற உயரத்தை மீற்றரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் எத்தனை கிலோமீற்றர் வரை எட்டும் என்று வரும். நமுனுகுல போல 2,000 மீற்றர் உயரத்து மலையில் இருந்து என்றால் 180 கிலோமீற்றருக்கும் மேல், அதாவது கல்லடிக் கடற்கரையையும் தாண்டிக் கடலுக்குள் போகும். 60 மீற்றர் உயரத்தில் சமதரையில் நிற்கிற கோபுரத்துக்கு அதே கணக்கில் 32 கிலோமீற்றர்தான். உங்கள் வீட்டு அன்டெனாவை 10 மீற்றர் உயரத்தில் வைத்தால் இன்னும் 13 கிலோமீற்றர் கூடும். மலைநிலையம் மட்டக்களப்பில் வந்து பக்கத்து மாவட்டச் சின்ன நிலையம் வராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு, மலை படுவான் பக்கம், மேற்கும் தென்மேற்கும். விரித்த வயர் தன் பக்கவாட்டில்தான் நன்றாக வாங்கும், இரண்டு நுனியும் பார்க்கிற திசையில் வாங்காது. எங்கள் கடற்கரை வடமேற்கில் இருந்து தென்கிழக்காகச் சரிந்து ஓடுகிறது. கரை ஓடுகிற போக்கிலேயே வயரை இழுத்தால் அதன் முகம் தானாக மலையைப் பார்க்கும். திசைகாட்டி கூட வேண்டாம், மெயின் றோட்டுக்கு இணையாக இழுத்தாலே பெரும்பாலான ஊர்களில் சரியாக வரும். பிறை எப்எம் போல அம்பாறைக் கரையோரத்துக்கென்றே இருக்கிற நிலையத்தை மட்டும் கேட்கிறவர்கள் அந்தந்த ஊரில் இருந்து அது எந்தப் பக்கம் என்று பார்த்துத் திருப்ப வேண்டும்.

இன்னொன்று. சில நிலையங்கள் அலையைக் கிடையாக அனுப்பும், சில நிமிர்த்தி அனுப்பும், சில இரண்டு விதமாகவும். கிடையாக வைத்துச் சரிவராவிட்டால் அதே வயரை நிமிர்த்திப் பிடித்தும் ஒருமுறை கேளுங்கள். இதைச் செய்து பார்க்காமலே கைவிடுகிறவர்கள் அதிகம்.

கடையில் வாங்காமல் வீட்டிலேயே ஒரு அன்டெனா செய்யலாமா?

தாராளமாக. கடையில் விற்கிற மினுங்குகிற மேசை ஏரியல்களை விட இது நன்றாக வேலை செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

ஒன்றரை மீற்றருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஒரு எஸ்லோன் (பிவிசி) பைப் துண்டு, வீட்டு வயரிங்குக்குப் போடுகிற தடித்த செம்புக் கம்பி, ஆர்ஜி 6 என்கிற டிஷ் வயர், அதன் நுனிக்கு ஒரு கனெக்டர். இவ்வளவுதான். கம்பியில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை சென்ரிமீற்றர் என்பதற்கு 7,125 ஐ நீங்கள் அதிகம் கேட்கிற அலைவரிசையால் வகுங்கள். 100 மெகாஹேர்ட்ஸுக்கு 71, 90க்கு 79, 105க்கு 68. எல்லா நிலையமும் கேட்கிறவர்கள் 72 அல்லது 73 என்று வைத்தால் போதும், ஒரு சென்ரிமீற்றர் கூடக் குறைய இருந்தால் காதுக்குத் தெரியாது.

பைப்பின் நடுவில் இரண்டு கம்பியின் உள்நுனியும் ஒன்றையொன்று தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். டிஷ் வயரின் நடுக் கம்பியை ஒன்றோடும், வெளிப் பின்னலை மற்றதோடும் சேர்க்க வேண்டும். இந்த வயரின் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் அதில் ஒட்டாது. அதனால் பின்னலை முறுக்கிச் சின்ன ஸ்குரூ, வொஷர் போட்டு இறுக்குங்கள். செம்பு செம்போடு சேருகிற இடமாக இருந்தால் ஈயம் வைப்பது நல்லது. சேர்த்த இடத்துக்குக் கீழே வயரை ஒரு சாண் அகல வட்டமாக ஐந்தாறு சுற்றுச் சுற்றி டேப்பால் கட்டிவிட்டுக் கீழே இறக்குங்கள், வயரின் வெளிப்பக்கமாக இறங்கி வருகிற இரைச்சலை அந்தச் சுருள் தடுத்துவிடும்.

வயர் நீளமாக இருந்தால் சிக்னல் கரைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். நல்ல ஆர்ஜி 6 வயரில் 100 மீற்றருக்கு 6 அல்லது 7 டெசிபெல்தான் குறையும், உங்கள் 20 மீற்றருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கூரைக்கு மேலே ஏற்றுவதால் கிடைக்கிற லாபம் அதைப் போல் பல மடங்கு.

எவ்வளவு உயரம் வேண்டும்? எங்கள் வீடு தகரக்கூரை.

தகரம், அலுமினியச் சீட் எல்லாம் அலையை மறைக்கும். தகரத்துக்குக் கீழே, சீலிங்குக்கு மேலே அன்டெனாவை ஒளித்து வைப்பதில் பிரயோசனம் இல்லை. ஓட்டுக் கூரை என்றால் கீழே வைக்கலாம், காற்று மழையும் படாது. தகரம் என்றால் வெளியே எடுத்து, கூரையின் உச்சியில் இருந்து குறைந்தது ஒன்றரை மீற்றர் மேலே நிறுத்துங்கள்.

தென்னை மரத்தில் கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். மரம் ஆடுகிற ஆட்டத்துக்கு வயர் ஒரு வருடம்கூடத் தாங்காது, நனைந்த ஓலை சிக்னலையும் குடிக்கும். ஜிஐ பைப் ஒன்றைச் சுவரோடு இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குவதுதான் முறை. 1978 நவம்பரில் வந்த சூறாவளியை நினைவில் வைத்திருக்கிற பெரியவர்களிடம் காற்றின் பலத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள், அலட்சியமாகக் கட்டிய பைப் பக்கத்து வீட்டுக் கூரையில் இறங்கும்.

கரண்ட் கம்பி கிட்ட இருந்தால் இந்த வேலையே வேண்டாம். பைப் அடியோடு சரிந்து விழுந்தாலும் கம்பியில் படாத தூரத்தில்தான் நட வேண்டும். தனியாக நின்று தூக்கவும் வேண்டாம்.

கடலுக்குப் பக்கத்து வீடு. பூட்டி ஆறு மாதத்தில் மறுபடி இரைகிறது. ஏன்?

உப்பு. காத்தான்குடியிலும் கல்முனையிலும் கரையோர வீடுகளில் நான் பார்த்த பழுதுகளில் அதிகமானது இதுதான். கழற்றிப் பார்த்தால் ஸ்குரூவைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சணம் பிடித்த மாதிரி செம்பு அரித்திருக்கும், வயரின் உறையை ஒரு விரற்கடை சீவினால் உள்ளே பின்னல் கறுத்து, தொட்டால் பொடியாகக் கொட்டும். தண்ணீர் வயருக்குள் போனால் அது அடிவரை இறங்கும், பிறகு நுனியை மட்டும் வெட்டிப் பயன் இல்லை, முழு வயரையும் மாற்ற வேண்டும்.

தடுப்பது சுலபம். சேர்த்த இடம் முழுவதையும் முதலில் தானாக ஒட்டிக்கொள்கிற றப்பர் டேப்பால் சுற்றி, அதற்கு மேல் சாதாரண இன்சுலேஷன் டேப், பிறகு சிலிக்கன் பூசுங்கள். புளித்த வாசம் வருகிற சிலிக்கன் செம்பை அரிக்கும், வாசம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். நட்டு போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ். வயர் ஜன்னலுக்குள் நுழைய முதல் அதை ஒரு சாண் கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றி உள்ளே விடுங்கள், மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. வாடை மழை தொடங்க முதல், கச்சான் காற்று ஓய்கிற நேரத்தில், வருடத்துக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

இடி மின்னலுக்கு என்ன செய்வது?

அன்டெனா வயரையும் கரண்ட் பிளக்கையும் இரண்டையும் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றி மற்றதை விட்டால் போதாது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி கூடுதல், வேலைக்குப் போகும்போதே கழற்றிவிட்டுப் போவது நல்லது. முழக்கம் கேட்டு, மின்னல் தலைக்கு மேலே வந்த பிறகு ஓடிப்போய் வயரைத் தொடாதீர்கள், அப்போது செட் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிட வேண்டும். கூரைக்கு மேலே நிற்கிற இரும்புப் பைப்பை ஏர்த் செய்வதற்கு ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கரையோர மணல் காய்ந்து கிடக்கிற காலத்தில் ஏர்த் சரியாகப் பிடிக்காது, அதை அளந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

டிஷ் வயரையே இழுத்து எப்எம் சொக்கட்டில் பூட்டினால் என்ன?

வேண்டவே வேண்டாம். டிஷ் பெட்டியில் இருந்து மேலே போகிற வயரில் 13 அல்லது 18 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதை இரண்டாகப் பிரித்து ரிசீவரில் செருகினால் ட்யூனர், அதாவது நிலையத்தைப் பிடிக்கிற பகுதி, போகலாம். டிஷ் எப்எம் அலையை வாங்கவும் செய்யாது.

கூரையில் சும்மா நிற்கிற பழைய டிவி ஏரியல் வேறு கதை. அது எப்எம்முக்கென்று அளந்து செய்ததில்லை, ஆனாலும் உயரத்தில் இருப்பதால் பலமான நிலையங்களை ஓரளவு எடுத்துத் தரும். இருக்கிற பைப்பையும் வயரையும் வைத்துக்கொண்டு மேலே இருக்கிற ஏரியலை மட்டும் நீங்கள் செய்ததால் மாற்றினால் இன்னும் வடிவாக வரும்.

பூஸ்டர் வாங்கலாமா?

முதலில் வேண்டாம். பூஸ்டர் சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும். ஒலிபரப்புக் கோபுரம் கிட்ட இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒரே நிலையம் இரண்டு மூன்று இடத்தில் கேட்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அப்படி இருந்தால் பூஸ்டரைக் கழற்றுங்கள், தேவைப்பட்டால் அன்டெனாவைச் சின்னதாக்குங்கள். மிக நீண்ட வயர் ஓடுகிற பெரிய வீட்டுக்கு மட்டும், அதுவும் கம்பத்தின் உச்சியில் பூட்டுகிற வகைதான் பயன்படும்.

ஸ்டீரியோவில் 'ஸ்ஸ்' என்று இரைகிறது, மோனோவில் போட்டால் போய்விடுகிறது. செட் பழுதா?

இல்லை. ஸ்டீரியோ சுத்தமாக வர மோனோவை விடப் பல மடங்கு பலமான சிக்னல் வேண்டும். அன்டெனாவை உயர்த்துங்கள், அதுவரைக்கும் செய்தியையும் நாடகத்தையும் மோனோவில் கேளுங்கள். இரைச்சல் இல்லாமல் பாட்டு மட்டும் உடைந்து கடூரமாக வந்தால் அது வேறு வியாதி: அலை எங்கேயோ பட்டுத் தெறித்து இரண்டு வழியாக வருகிறது, அன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகும்.

ஏஎம் போட்டால் ஒரே இரைச்சல். வளையம் பூட்டித்தான் இருக்கிறது.

எங்கே வைத்திருக்கிறீர்கள்? செட்டின் முதுகில் ஒட்டியபடி என்றால் அதுதான் காரணம். செட்டில் இருந்தும் டிவியில் இருந்தும் வயர் விடுகிற அளவுக்குத் தள்ளி வையுங்கள், ஸ்பீக்கர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். வளையத்தின் விளிம்பு பார்க்கிற திசையில் நன்றாக எடுக்கும், வட்டத்தின் முகம் பார்க்கிற திசையில் எடுக்காது. இது ஒரு அருமையான வசதி, ஏனென்றால் இரைச்சல் வருகிற பக்கத்துக்கு முகத்தைக் காட்டினால் அதை அப்படியே அமுக்கிவிடலாம். வேறு கம்பனி செட்டின் வளையம் எல்லாச் செட்டுக்கும் பொருந்தாது, அதன் சுற்று அந்தந்த ட்யூனருக்கு ஏற்ப அளந்தது.

பிறகு, வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான எல்இடி பல்ப், ஃபோன் சார்ஜர், சோலார் இன்வேர்ட்டர், இந்த மூன்றும்தான் பெரிய எதிரிகள். மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு ஒரு பற்றரி ரேடியோவில் கேட்டால் இரைச்சல் உங்கள் வீட்டிலா அயலிலா என்று உடனே தெரிந்துவிடும்.

படுவான்கரை, அம்பாறை உட்பகுதி ஆட்களுக்கு ஒரு தனிக் குறிப்பு: இரைச்சல் தொடர்ச்சியாக இல்லாமல் ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு 'டிக்' என்று வருகிறதா? அது யானை வேலி. வேலியின் மின்சாரம் துடிப்புத் துடிப்பாகத்தான் போகும், புல்லோ செடியோ கம்பியில் முட்டினால் அங்கே பொறி பறந்து ரேடியோவில் கேட்கும். உங்கள் செட்டில் பழுதில்லை. வேலியைப் பராமரிக்கிறவர்களிடம் சொல்லுங்கள், வேலி பலவீனமாக இருக்கிறது என்பதற்கும் அதுவே அறிகுறி, ரேடியோவை விட அது முக்கியம்.

பகலில் இல்லாத இந்திய நிலையங்கள் இரவில் எப்படி வருகின்றன?

பகலில் வானத்தின் கீழ் அடுக்கு ஒன்று ஏஎம்மில் கேட்கிற மத்திய அலையை உறிஞ்சிவிடும். பொழுது பட்டதும் அந்த அடுக்கு மறையும், அலை இன்னும் மேலே போய்த் தெறித்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி இறங்கும். திருச்சி 936, தூத்துக்குடி 1053 கிலோஹேர்ட்ஸ் என்று எங்கள் பெரியவர்கள் மனப்பாடமாகச் சொல்வது இதனால்தான். வளையத்தை வடமேற்கு நோக்கி விளிம்பு காட்டி வையுங்கள், கூடவே ஒரு பத்து மீற்றர் உறை போட்ட வயரை வெளியே இழுத்து ஏஎம் துளையில் வளையத்தோடு சேர்த்துச் செருகினால் இன்னும் எடுக்கும். வளையத்தைக் கழற்றிவிட வேண்டாம்.

எப்எம்மிலும் வெக்கையான, காற்றில்லாத இரவுகளில் கடலுக்கு மேலே சூடும் குளிருமாகக் காற்று அடுக்கடுக்காக நின்றால் தூரத்து நிலையங்கள் திடீரென்று தலைகாட்டும். விடிந்ததும் போய்விடும்.

ஜப்பானில் இருந்து வந்த பாவித்த செட். பாதி நிலையங்கள் வரவில்லை.

அன்டெனாவால் இதைத் தீர்க்க ஏலாது. ஜப்பானின் பழைய எப்எம் அலைவரிசை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான், அதற்கு மேலே உள்ளதை அந்த செட் பார்க்கவே பார்க்காது. 100 வோல்ட் செட் என்பதையும் மறக்க வேண்டாம், இங்கே 230. அமெரிக்கச் செட்டில் வேறு சிக்கல்: ஏஎம் 10 கிலோஹேர்ட்ஸ் படியில் தாவும், எங்கள் நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் படியில் இருக்கின்றன. பின்பக்கத்தில் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், சிலதில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தியும் மாற்றலாம்.

மேல்மாடியில் ஒரு செட், கீழே ஒரு செட். ஒரே அன்டெனா போதுமா?

போதும். ஆனால் வயரை முறுக்கிச் சேர்க்காமல் 75 ஓம் ஸ்பிளிட்டர் ஒன்று போடுங்கள். ஒவ்வொரு பக்கமும் மூன்றரை டெசிபெல் அளவு குறையும், கூரைக்கு மேலே இருக்கிற அன்டெனாவுக்கு அது தாங்கும். ஒரு செட்டைக் கழற்றி எடுத்தால் அந்தப் பக்கத்து வாய்க்கு 75 ஓம் மூடி ஒன்று திருகிவிடுங்கள்.